விதிமுறை முன்னே, விருந்தினர் பின்னே

பெங்களூருவில் உள்ள எங்கள் கிளைக்குச் சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். குடகில் அவருக்குப் பரம்பரைக் காப்பித் தோட்டம் உண்டு. பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பம் பெங்களூருவில் வாழ்கிறது. தோட்டத்தைத் தம்பி கவனித்துக்கொள்கிறார். தோட்டத்தின் நடுவே இருக்கும் பழைய ஓட்டு வீட்டில் மூன்று அறைகளைச் சீரமைத்து, அதையொட்டிய மலைச்சரிவில் புதிதாக ஐந்து குடில்களும் எழுப்பி, ஹோம்ஸ்டே நடத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். வரைபடமும் மதிப்பீடும் கையில் இருந்தன. சுற்றுலாத் துறையின் பதிவுச் சான்று மட்டும் இல்லை.

அதைக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பக்கத்துத் தோட்டக்காரர் ஐந்து வருடமாகப் பதிவே இல்லாமல் நடத்துகிறார் சார். சனி, ஞாயிறு என்றால் அவரிடம் இடமே கிடைப்பதில்லை. பதிவு செய்தால் வாடகை கூடிவிடப் போகிறதா?"

நேர்மையான கேள்வி. கடன் மனுவைப் பரிசீலிக்கும் எங்களுக்கு அதற்கு உடனே விடை சொல்லத் தெரிந்தது. ஆனால் அந்த விடை "விதி அப்படி" என்ற அளவிலேயே நின்றது. விதி ஏன் அப்படி என்பதை விளக்க முற்பட்டபோதுதான், நம் நாட்டில் சுற்றுலாவை வளர்க்கும் கையும் அதை நெறிப்படுத்தும் கையும் ஒரே அரசின் இரு கைகளாக எவ்வாறு இயங்கி வந்துள்ளன என்பதைச் சற்றே புரட்டிப் பார்த்தோம். அன்று அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே வாடிக்கையாளர் அனைவரோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

சத்திரத்திலிருந்து நட்சத்திர விடுதி வரை

விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்த மரபு நம்முடையது. வழிப்போக்கருக்குச் சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தவர்கள் நம் முன்னோர். எனினும், விருந்தோம்பல் தொழிலாக மாறும்போது அதற்கு ஒரு கணக்கும் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன. 1867 ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசு சராய்கள் சட்டம் என ஒன்றைக் கொண்டுவந்தது. வழிப்போக்கர் தங்கும் சராய்களைப் பதிவு செய்ய வேண்டும், தூய்மையாக வைத்திருக்க வேண்டும், காவலர் வைக்க வேண்டும் என்று அது விதித்தது. "பதிவு எதற்கு?" என்னும் கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. முன்பின் அறியாத ஊரில் ஒருவர் இரவில் கண்ணயர வேண்டுமானால், அந்தக் கூரைக்கு யாராவது பொறுப்பாளி இருந்தாக வேண்டும்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் பட்டியல்களில் சுற்றுலா என்ற பெயரில் தனி இனம் கிடையாது. ஆனால் மாநிலப் பட்டியலில் சத்திரங்களும் அவற்றை நடத்துவோரும் இடம்பெற்றுள்ளனர். உள்நாட்டுப் புனித யாத்திரைகளும் இடம்பெற்றுள்ளன. ஆகவே, விளம்பரமும் நுழைவு இசைவும் பெரும்பாலும் மத்திய அரசின் பொறுப்பிலும், தங்குமிடமும் அன்றாட ஒழுங்கும் மாநிலங்களின் பொறுப்பிலும் அமைந்துவிட்டன.

வளர்ச்சிப் பணி விடுதலைக்குச் சற்று முன்பே தொடங்கியது. 1945 இல் ஜான் சார்ஜென்ட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, இந்தியாவில் சுற்றுலாவை வளர்க்கும் வழிகளை ஆராய்ந்தது. 1949 இல் போக்குவரத்து அமைச்சகத்தில் சுற்றுலாவுக்கென ஒரு பிரிவு உருவாயிற்று. 1958 இல் அது தனித் துறையாயிற்று. 1966 இல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பிறந்தது. தனியார் முதலீடு தயங்கிய இடங்களில் அரசே விடுதிகளைக் கட்டி நடத்தியது. 1982 இல் முதலாவது தேசியச் சுற்றுலாக் கொள்கை வெளியாயிற்று. நம் துறையினர் நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டு 1989: சுற்றுலாத் திட்டங்களுக்கென்றே கடன் வழங்க இந்தியச் சுற்றுலா நிதிக் கழகம் அந்த ஆண்டில்தான் நிறுவப்பட்டது. 2002 இல் புதிய கொள்கையும், உலகெங்கும் பேசப்பட்ட "இன்க்ரெடிபிள் இந்தியா" விளம்பர இயக்கமும் வந்தன. 2014 நவம்பரில் மின்னணு நுழைவு இசைவு முறை தொடங்கப்பட்டது.

கர்நாடகமும் இதில் பின்தங்கவில்லை. மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971 இலும், காட்டுச் சுற்றுலாவுக்கான ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் 1980 இலும் தொடங்கப்பட்டன. ஹம்பியின் கல் தேரைப் பெயரில் தாங்கிய சொகுசு ரயில் "கோல்டன் சாரியட்" 2008 இல் புறப்பட்டது. சுற்றுலாத் தொழிலுக்கு வசதி செய்து தரவும் அதனை ஒழுங்குபடுத்தவும் 2015 ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. வசதியும் ஒழுங்கும் ஒரே சட்டத்தின் பெயரில் இணைந்திருப்பது கருதத்தக்கது.

தாமதமாக வந்த விதி

இத்தனை நிறுவனங்களும் சட்டங்களும் இருந்தும், விதி தாமதமாக நடைமுறைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பெரும் பாடம் இருக்கிறது. பெங்களூருவிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டால் விடியலில் ஹொசப்பேட்டை. அங்கிருந்து சிறிது தொலைவில் ஹம்பி. கிளை நண்பர்கள் நால்வர் அண்மையில் அங்குச் சென்று வந்தோம்.

விருபாட்சர் கோயிலின் கோபுர வாயிலில் நின்று கிழக்கே நோக்கினால், நேராக நீளும் அகன்ற தேர் வீதி. இருமருங்கும் கல் மண்டபங்கள். இன்று அவை வெறிச்சோடிக் கிடக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நிலைமை அப்படி இல்லை. அந்த மண்டபங்களை ஒட்டியும் அவற்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. தேநீர்க் கடை, புத்தகக் கடை, மிதிவண்டி வாடகை, மாடியில் இரண்டு அறை என்று பயணிகளை நம்பியே அவர்கள் பிழைத்தார்கள். 2011 ஜூலையில் மாவட்ட நிர்வாகம் அந்தக் கடைகளையும் வீடுகளையும் இடித்து அகற்றியது. பிற்பாடு கத்திராம்புராவில் மாற்று மனைகள் ஒதுக்கப்பட்டன. வீடு போன நாளுக்கும் மனை கிடைத்த நாளுக்கும் இடையில் அக்குடும்பங்கள் பட்ட துன்பத்தை எந்த நிதியறிக்கையும் காட்டாது.

அரசின் தரப்பிலும் நியாயம் இருந்தது. ஹம்பியின் சின்னங்கள் 1986 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. துங்கபத்திரையின் குறுக்கே கட்டப்பட்டுவந்த பாலங்களால் சின்னங்களின் சூழல் கெடுகிறது என்று 1999 இல் அவை ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. அதன் பின்னரே மாநில அரசு விழித்துக்கொண்டு, 2002 இல் ஹம்பிக்கென மேலாண்மை ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியது. 2006 இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஹம்பி விடுபட்டது. ஆனெகுந்திப் பாலமோ 2009 ஜனவரியில் கட்டுமானம் முடியுமுன்னரே இடிந்து விழுந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

ஆற்றின் மறுகரையில் விருபாபுர கட்டே என்றொரு திட்டு உண்டு. வயல்களுக்கு நடுவே தென்னோலைக் கூரையிட்ட உணவகங்களும் தங்கும் விடுதிகளும் அங்கே பெருகியிருந்தன. வெளிநாட்டு இளைஞர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட பகுதி என்று 1988 ஆம் ஆண்டின் அறிவிக்கை சொல்கிறது. வழக்கு உயர் நீதிமன்றம் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடிப்பு ஆணையை உறுதி செய்தது. மார்ச்சில் விடுதிகள் தரைமட்டமாயின.

1988 க்கும் 2020 க்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள். வங்கியாளர் கண்ணுக்கு இதில் பளிச்சென்று தெரிவது அந்த இடைவெளிதான். அறிவிக்கை வெளியான மறு ஆண்டே அது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டிருந்தால், ஓரிரு கொட்டகைகள் மட்டுமே அகற்றப்பட்டிருக்கும். விதி தாளிலேயே உறங்கிய காலத்தில், ஒரு குடும்பம் நகையை விற்று ஓர் அறை கட்டியது, அடுத்த ஆண்டு இன்னோர் அறை, பிறகு சமையற்கூடம். அத்தனை சேமிப்பும் ஒரே நாளில் மண்ணாயிற்று. விதி முன்னதாக வந்திருந்தால் அவர்களின் ஆசைக்கு மட்டுமே அணை போட்டிருக்கும். பின்னதாக வந்ததால் வாழ்க்கையையே இடித்தது. பெரிய விடுதிக்காரர் வழக்கறிஞரை அமர்த்தி வேறிடத்தில் தொழிலைத் தொடர்ந்துவிடுவார். ஒற்றைக் கூரையை நம்பியவருக்கு அது இயலாது.

இங்கே எங்களையும் நாங்கள் விலக்கிக்கொள்ள இயலாது. நிலத்தின் உரிமை ஆவணமும் வில்லங்கச் சான்றும் சரியாக இருந்தால் போதும் என்று கருதிய காலம் வங்கித் துறையில் இருந்தது. நிலம் யாருடையது என்று கேட்ட அளவுக்கு, அந்த நிலத்தில் என்ன செய்ய அனுமதி உண்டு என்று நாங்கள் கேட்டதில்லை. விருபாபுர கட்டே போன்ற இடங்கள் அந்த இரண்டாவது கேள்வியின் கனத்தை உணர்த்தின.

முன்னதாக வந்த விதி

இதற்கு எதிர்ப்புறத்தில் கபினியைச் சொல்லலாம். 1974 இல் கட்டி முடிக்கப்பட்ட கபினி அணையின் நீர்ப்பரப்பில், கோடையில் யானைகள் பெருங்கூட்டமாக வந்து சேர்கின்றன. அந்தக் காட்சியைக் காணக் கூட்டம் பெருகும் என்பதை 1980 ஆம் ஆண்டிலேயே உணர்ந்து, அரசு தன் நிறுவனத்தின் வாயிலாக அங்கே முதல் அடி எடுத்து வைத்தது. மைசூர் மன்னரின் பழைய வேட்டை மாளிகை தங்குமிடம் ஆயிற்று. காட்டுக்குள் செல்லும் வண்டிகளின் எண்ணிக்கையும் நேரமும் தொடக்கத்திலிருந்தே கட்டுக்குள் இருந்தன.

பின்னர் 2012 ஜூலையில், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளை வெளியிட்ட பிறகு தடை நீங்கியது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குப் பயன்படுத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

அதற்காகக் கபினியில் எல்லாம் நிறைவாக உள்ளது எனக் கூறுவதற்கில்லை. புலித் தாக்குதலில் விவசாயிகள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரகொளேயிலும் சஃபாரி நிறுத்தப்பட்டது. காட்டோரம் வாழும் உழவருக்குப் பாதுகாப்பு இல்லாமல் விருந்தினருக்கு மட்டும் காட்சி இருக்கலாகாது. தொழில் நடத்துவோருக்கு இதில் மற்றொரு பாடமும் உண்டு: இயற்கையை நம்பிய வருமானம் என்றேனும் சில மாதங்கள் நின்றுபோகலாம். அந்த மாதங்களுக்குரிய தவணையைக் கையிருப்பாக ஒதுக்கி வைப்பது அறிவுடைமை.

பெங்களூருவாசிகள் பலரும் கோடையில் நாடிச் செல்லும் உதகையையும் கொடைக்கானலையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் அங்குச் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. முதலாண்டில் எத்தனை வண்டிகள் வருகின்றன என்ற கணக்கு திரட்டப்பட்டது. 2025 ஏப்ரலில், நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வகுக்கப்பட்டது. எண்ணிப் பார்த்த பிறகு வரம்பு வகுத்த முறை பாராட்டத்தக்கது. மலைப்பாதையில் மணிக்கணக்கில் வண்டிக்குள் அமர்ந்து வெந்து போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு இ-பாஸ் கிடைக்காமல் திரும்பியவர்களின் மனக்குறையையும் நாம் மறுக்கவில்லை. அறை பதிவு செய்யுமுன் இ-பாஸ் எடுத்துவிடுவது நல்லது.

வீட்டுக் கதவைத் திறக்கும் முன்

இனி நம் குடகு நண்பரின் கேள்விக்கு வருவோம். பதிவு செய்தால் வாடகை கூடாதுதான். ஆனால் பதிவு இருந்தால் மட்டுமே கிடைப்பவை சில உண்டு.

2025-26 ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என அறிவித்தது. மாநிலங்களுடன் இணைந்து 50 சுற்றுலாத் தலங்களை மேம்படுத்தும் திட்டத்தையும் அது கொண்டிருந்தது. ஹம்பியும் மைசூரும் ஏற்கெனவே சுதேச தரிசனம் 2.0 திட்டத்தில் இடம்பெற்றவை. முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிசோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் சொத்துப் பிணையின்றிக் கடன் பெறலாம். தருண் கடனை ஒழுங்காக அடைத்து முடித்தவர்கள் 20 லட்சம் வரை பெறத் தகுதியுடையவர்கள். வங்கி நிலப் பிணை கேட்காத இடத்தில், தொழிலின் சட்டத்தகுதிதான் கடனுக்கு அடிப்படை. பதிவில்லாத தொழிலுக்கு அந்த அடிப்படை கிடையாது.

மத்திய அரசின் வீட்டுத் தங்கல் திட்டம் இரண்டு செய்திகளை வலியுறுத்துகிறது: வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படலாகாது; உரிமையாளரோ அவர் குடும்பத்தினரோ அதே வீட்டில் வசிக்க வேண்டும். தகுதிக்கேற்ப வெள்ளி, தங்கம் என இரு தரங்கள் வழங்கப்படுகின்றன. எட்டு அறைகள் கட்டிவிட்டு அதை வீடு என்று அழைக்க இயலாது, அது விடுதி. விடுதிக்குரிய உரிமமும் தீயணைப்பு ஏற்பாடும் வேறு.

கடன் மனுவுடன் கீழ்க்கண்டவற்றையும் திரட்டி வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்:

நிலத்தின் பஹணியும், வேளாண் நிலமாயின் அதில் தொழில் நடத்த இசைவு உண்டா என்பதற்கான ஆவணமும்.

சுற்றுலாத் துறையின் பதிவு. ஊராட்சியின் அல்லது நகராட்சியின் உரிமம்.

உணவு பரிமாறுவதாயின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு.

உத்யம் பதிவு. இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. இடைத்தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

அருகே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இருப்பின், தூரத்தை அளந்த சான்று. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன்னனுமதி தேவை. பெங்களூருக் கோட்டையையும் திப்புவின் கோடை அரண்மனையையும் சுற்றி வாழ்வோருக்கு இது புதிதன்று.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் அந்த விவரத்தை உரிய அலுவலகத்திற்கு இணையவழியே தெரிவிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறை வாடகைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. உள்ளீட்டு வரிச் சலுகை அதற்குக் கிடையாது என்பதையும் திட்ட அறிக்கையில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

அரசிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறு தொழில் செய்வோர் பல அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கச் செய்யும் முறை, அவர்களைப் பதிவின்றி நடத்தவே தூண்டும். எந்தப் பகுதியில் எது தடை என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரிலேயே, அந்த ஊர் மொழியிலேயே எழுதி வைக்கலாம். அகற்றியே தீர வேண்டிய இடங்களில், மாற்று மனையைக் கையில் கொடுத்த பிறகே பழைய கூரையில் கை வைக்க வேண்டும். ஹம்பியின் தேர் வீதி கற்றுத் தந்த பாடம் குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று.

மூன்று அறைகள்

அந்த நண்பரிடம் நாங்கள் கேட்ட கடைசிக் கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லாதது: "2018 ஆகஸ்டில் உங்கள் சரிவு எப்படி இருந்தது?" அந்த மழையில் குடகின் மலைகள் சரிந்து வீடுகளையும் தோட்டங்களையும் மூடியதை யாரும் மறந்திருக்க முடியாது. மலைச்சரிவுகளைச் செங்குத்தாக வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்று நிலவியலாளர் சுட்டிக்காட்டினர். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எங்கள் பக்கம் தப்பித்தது. கீழ்த் தோட்டத்தில் பாதி போயிற்று" என்றார்.

நான்கு மாதங்களுக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். வரைபடத்தில் ஐந்து குடில்கள் இல்லை. பழைய வீட்டின் மூன்று அறைகள் மட்டும் இருந்தன. தம்பியின் குடும்பம் அதே வீட்டில் வசிக்கிறது. பதிவுச் சான்று மனுவின் மேல் பக்கத்தில் இணைக்கப்பட்டிருந்தது. அவர் கேட்ட தொகை முதலில் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். கிளையின் கடன் இலக்கைப் பார்த்தால் எங்களுக்கு அது இழப்பு. எனினும், நீண்ட நாட்களுக்குப் பின் ஒரு மனுவில் தயக்கமின்றிக் கையொப்பமிட்டோம்.

பக்கத்துத் தோட்டக்காரர் என்ன செய்கிறார் என்று விசாரித்தோம். "அவரும் உங்களைப் பார்க்க வருவார் சார். பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்" என்றார்.

சுற்றுலாத் தொழிலில் இறங்க எண்ணும் வாடிக்கையாளர்கள், முதல் செங்கல் வைக்கும் முன்பே தங்கள் கிளைக்கு வந்து பேசுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். கட்டிய பிறகு கேட்பதைவிட, கட்டும் முன் கேட்பதே செலவு குறைந்தது.